ஒளியிழந்த விழியும் ஒளிதந்த இதழும்: ஜோசப் புலிட்சர்

பொய்யையும் புரளியையும் அச்சேற்றிக் காசாக்கும் தாள்களை 'மஞ்சள் பத்திரிகை' என்று இகழ்ந்துரைப்பது தமிழ் மக்களின் வழக்கம். ஆண்டிபட்டிக் கடைவீதியில் தறிவேலை முடித்து வந்தோரும் சந்தைக்கு வந்தோரும் ஒரே நாளிதழின் பக்கங்களைப் பங்கிட்டுப் படிக்கும் தேநீர்க் கடைகளில்கூட இச்சொல்லுக்குப் பொருள் கேட்பார் இல்லை. அதுபோலவே, இதழியல், இலக்கியம், நாடகம், இசை ஆகிய துறைகளில் சிறந்தோர்க்கு அமெரிக்க நாட்டில் ஆண்டுதோறும் வழங்கப்பெறும் புலிட்சர் பரிசின் பெயரும் படித்தவர்கள் நடுவே நன்கு அறிமுகமானது. இகழ்ச்சிக்குரிய அந்தச் சொல்லும் புகழ்ச்சிக்குரிய இந்தப் பெயரும் ஒரே மனிதரின் வாழ்விலிருந்து கிளைத்தவை என்பதுதான் வியப்பு. அம்மனிதர் ஜோசப் புலிட்சர். தம் இதழ் செய்த பிழையையும் கண்டு, அப்பிழைக்கு மருந்தும் தேடிவைத்துச் சென்ற அவருடைய வரலாறு, எழுத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

பிறப்பும் வறுமையும்

இன்றைய அங்கேரி நாட்டின் மாக்கோ என்னும் ஊரில் 1847ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் புலிட்சர் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர், யூத இனத்தவர். வளமாகத் தொடங்கிய வாழ்வு நெடுநாள் நிலைக்கவில்லை. 1858இல் தந்தையார் மறைந்தார், வணிகம் நொடித்தது. உடன்பிறந்தோரில் பெரும்பாலோர் இளமையிலேயே மாண்டனர். தாயார் மறுமணம் செய்துகொண்டார்.

பதினேழு வயதில் புலிட்சர் படைவீரராக விரும்பினார். ஆஸ்திரியப் படை அவரை ஏற்கவில்லை. பிற நாட்டுப் படைகளும் ஏற்கவில்லை. ஒல்லியான உடல், மங்கிய கண்பார்வை ஆகிய இரண்டும் தடையாக நின்றன. அக்காலத்தில் அமெரிக்காவில் வடமாநிலங்களுக்கும் தென்மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே வசதி படைத்தோர் தமக்கு மாற்றாக வேறொருவரைப் பணம் கொடுத்துப் படைக்கு அனுப்பலாம். அத்தகைய மாற்றாட்களைத் திரட்டிய முகவர்கள் கண்பார்வையைப் பெரிதாகச் சோதிக்கவில்லை. இவ்வாறு 1864ஆம் ஆண்டு ஆங்கிலம் அறியாத அந்த இளைஞர் அமெரிக்கக் கரையில் கால் வைத்தார். முகவருக்குப் போக இருந்த ஊக்கத்தொகையைத் தாமே பெறுவதற்காகப் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்து நீந்திக் கரையேறினார் என்றொரு கதையும் அவர் வரலாற்றில் வழங்கி வருகிறது.

போர் 1865இல் முடிந்தது, வேலையும் முடிந்தது. கையில் காசின்றி மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயி நகரை அடைந்த அவர், கோவேறு கழுதைகளை மேய்த்தார், உணவகத்தில் பரிமாறினார், கிடைத்த கூலிவேலைகளை எல்லாம் செய்தார். ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் அந்நகர வணிகர் நூலகத்திலேயே கழிந்தது. அங்கேதான் ஆங்கிலம் கற்றார், சட்டமும் பயின்றார்.

அந்நூலகத்தில் சதுரங்கம் ஆடுவதற்கென ஓர் அறை இருந்தது. ஒருநாள் இருவர் ஆடிக்கொண்டிருந்ததைக் கவனித்து நின்ற புலிட்சர், காய் நகர்த்தியதைப் பற்றித் துணிந்து ஒரு கருத்துச் சொன்னார். ஆடியவர்களுள் ஒருவர் 'வெஸ்ட்லிஷ் போஸ்ட்' என்னும் செர்மானிய மொழி நாளிதழின் பங்குதாரரான கார்ல் ஷூர்ஸ். அந்த அறிமுகம் 1868இல் அவருக்குச் செய்தியாளர் பணியைப் பெற்றுத் தந்தது. இருபத்தொரு வயது இளைஞரின் வாழ்க்கை அன்று திசை மாறியது.

செய்தியாளரிலிருந்து இதழ் அதிபர் வரை

புலிட்சர் உழைப்புக்கு அஞ்சாதவர். ஆனால் சினத்தை அடக்கத் தெரியாதவர். 1869இல் மிசௌரி மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவர் சட்டப்படி உரிய வயதைக்கூட எட்டியிருக்கவில்லை. ஊழல் குற்றச்சாட்டு ஒன்றை எழுதியதால் எழுந்த வாக்குவாதத்தில் 1870இல் ஒருவரைத் துப்பாக்கியால் சுட்டுக் காயப்படுத்தி, அதற்காக அபராதமும் செலுத்தினார். பெருமக்களின் வரலாற்றில் இத்தகைய பக்கங்களையும் மறைக்காமல் படிப்பதே நேர்மை.

1878இல் நொடித்துப்போன 'டிஸ்பாச்' என்னும் நாளிதழ் செயின்ட் லூயி நீதிமன்றப் படிக்கட்டில் ஏலத்துக்கு வந்தது. புலிட்சர் அதனை 2,500 டாலருக்கு எடுத்தார். சில நாள்களிலேயே மற்றொரு நாளிதழுடன் அதனை இணைத்து 'போஸ்ட் டிஸ்பாச்' ஆக்கினார். வரி ஏய்க்கும் செல்வர்களையும் சூதாட்டக் கும்பல்களையும் அது பெயர் சொல்லி அம்பலப்படுத்தியது. நகரத்து நடுத்தர மக்கள் அதனைத் தம் இதழாகவே கருதினர்.

1883ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், நட்டத்தில் ஓடிய 'வேர்ல்டு' நாளிதழை ஜே கோல்டு என்னும் பெருஞ்செல்வரிடமிருந்து 3,46,000 டாலருக்குத் தவணை முறையில் வாங்கினார். அப்போது ஏறத்தாழ 15,000 படிகள் விற்ற அவ்விதழ், அடுத்த ஆண்டே ஒரு லட்சத்தைத் தாண்டியது. இதற்குக் காரணம் மொழி. நியூயார்க்கில் அன்று கப்பல் கப்பலாக வந்து இறங்கியோர் ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்ற ஏழைத் தொழிலாளர்கள். அவர்களுக்குப் புரியும் சிறு வாக்கியங்கள், பெரிய தலைப்புகள், படங்கள், இரண்டு சென்ட் விலை ஆகியவற்றைப் புலிட்சர் கைக்கொண்டார். தாமே நூலகத்தில் எழுத்துக்கூட்டி ஆங்கிலம் கற்றவரல்லவா? வாசகரின் இடர்ப்பாட்டை அவர் உணர்ந்திருந்தார். தமிழகத்தில் 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் 'தினத்தந்தி'யைத் தொடங்கி, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும் நடையில் செய்தி தந்ததை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம்.

மக்கள் காசில் எழுந்த பீடம்

பிரெஞ்சு மக்கள் அன்பளிப்பாக அளித்த விடுதலைச் சிலையை நிறுவப் பீடம் கட்டப் பணமில்லாமல் நியூயார்க் திண்டாடிய காலம் அது. செல்வர்கள் கைவிரித்தனர். 1885 மார்ச்சு மாதம் 'வேர்ல்டு' பொதுமக்களிடம் கையேந்தியது. கொடுப்பது எத்துணைச் சிறிதாயினும் கொடுத்தவர் பெயர் இதழில் அச்சாகும் என்று அறிவித்தது. ஐந்தே மாதங்களில் 1,00,000 டாலருக்கும் மேல் திரண்டது. கொடுத்தோர் தொகை ஏறத்தாழ 1,20,000. அவர்களுள் பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகத் தந்தவர்கள். பள்ளிக்கூடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் அரிசியும் காசுமாகத் திரட்டிக் கட்டடம் எழுப்பிய நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தப் பீடத்தின் பெருமையை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1887இல் நெல்லி பிளை என்னும் இளம்பெண் செய்தியாளர், மனநோயாளி போல நடித்து நியூயார்க் மனநோய் விடுதி ஒன்றில் பத்து நாள் தங்கி, அங்கு நிகழ்ந்த கொடுமைகளை 'வேர்ல்டு' இதழில் எழுதினார். நகர நிர்வாகம் அதன்பின் அத்தகைய விடுதிகளுக்கான நிதியை உயர்த்தியது. அதே 1887ஆம் ஆண்டில்தான் கடல் கடந்து வாழ்ந்த தமிழர்களுக்காகச் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கைநேசன்' வார இதழைத் தொடங்கினார் என்பதும் நினைவுகூரத் தக்கது. உலகின் பல மூலைகளிலும் அச்சு எழுத்தின் ஆற்றலை எளிய மக்கள் உணரத் தொடங்கிய காலம் அது.

இருள் சூழ்ந்த ஆண்டுகள்

புகழ் உயர உயரப் பகையும் வளர்ந்தது. போட்டி இதழ்கள் அவர் யூதராய்ப் பிறந்ததைச் சுட்டி ஏளனம் செய்து எழுதின. ஓய்வில்லாத உழைப்பு உடலைத் தின்றது. 1890ஆம் ஆண்டு நாற்பத்து மூன்றாம் வயதில், ஏறக்குறைய பார்வை முழுவதையும் இழந்த நிலையில் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டில் 'வேர்ல்டு' இதழுக்கென எழுப்பப்பட்ட பொன்னிறக் குவிமாடக் கட்டடம் நியூயார்க்கின் மிக உயர்ந்த கட்டடமாக நின்றது. அதைக் கட்டியவரோ அதன் அழகைக் கண்ணாரக் காணும் நிலையில் இல்லை.

மற்றொரு நோயும் அவரை வாட்டியது. சிறு ஓசையும் அவருக்குத் தாங்கொணாத் துன்பம் தந்தது. ஆதலால் ஓசை புகாத தடித்த சுவர்களுக்குள்ளும், 'லிபர்ட்டி' என்னும் தம் உல்லாசக் கப்பலிலும் எஞ்சிய இருபது ஆண்டுகளையும் கழித்தார். செயலாளர் குழு ஒன்று நாளும் இதழ்களையும் வரலாற்று நூல்களையும் நாடகங்களையும் அவருக்குப் படித்துக் காட்டியது. அவரோ தந்தி வழியாகவும் கடித வழியாகவும் தம் இதழை நடத்தினார். எழுத்தைக் கண்ணாகப் போற்றும் மரபினராகிய நாம், பிறர் கண்களால் படித்துத் தம் கருத்தால் இதழ் நடத்திய அம்மனிதரின் மனவுறுதியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் நிறத்தின் கதை

1895இல் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் என்னும் செல்வர் 'ஜர்னல்' நாளிதழை வாங்கிப் புலிட்சருக்கு எதிராகக் களம் இறங்கினார். 'வேர்ல்டு' இதழின் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் கூடுதல் ஊதியம் தந்து ஈர்த்துக்கொண்டார். புலிட்சரின் இதழில் மஞ்சள் அங்கி அணிந்த சிறுவனை நாயகனாகக் கொண்டு ரிச்சர்டு அவுட்கால்ட் வரைந்த கேலிச்சித்திரம் மக்களிடையே பெரும் வரவேற்புப் பெற்றிருந்தது. அந்த ஓவியரையும் ஹர்ஸ்ட் அழைத்துக்கொண்டார். புலிட்சரோ வேறோர் ஓவியரைக் கொண்டு அதே சிறுவனைத் தம் இதழில் தொடர்ந்து வரையச் செய்தார். இரண்டு இதழ்களிலும் மஞ்சள் சிறுவன் உலவினான். இரண்டு இதழ்களும் கொலை, களவு, பரபரப்பு என்று போட்டியிட்டன. 'மஞ்சள் இதழியல்' என்னும் சொல் இவ்வாறு பிறந்தது.

1898 பிப்ரவரி 15ஆம் நாள் கியூபாவின் அவானா துறைமுகத்தில் 'மெயின்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 250க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். காரணம் உறுதிப்படும் முன்னரே இரு இதழ்களும் ஸ்பெயின் மீது ஐயத்தைத் தூண்டும் தலைப்புகளை வெளியிட்டன. ஏப்ரலில் போர் மூண்டது. இதழ்கள் மட்டுமே அப்போரை மூட்டின என்று இன்றைய வரலாற்று அறிஞர்கள் கொள்வதில்லை. அரசியல் காரணங்களும் வணிகக் காரணங்களும் இருந்தன. ஆயினும் எரியும் தீயில் எண்ணெய் வார்த்த குற்றத்திலிருந்து 'வேர்ல்டு' தப்ப முடியாது. அடுத்த ஆண்டே மற்றொரு வடு ஏற்பட்டது. தெருவில் இதழ் விற்ற ஏழைச் சிறுவர்களுக்கு நூறு படிகளின் கொள்விலையைப் போர்க்காலத்தில் 50 சென்டிலிருந்து 60 சென்டாக உயர்த்திய இரு அதிபர்களும், போர் முடிந்த பின்னும் அதைக் குறைக்கவில்லை. 1899 சூலையில் சிறுவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். விலை குறையவில்லை, எனினும் விற்காத படிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அதிபர்கள் இணங்கினர். ஏழைகளின் காசால் வளர்ந்த இதழ் ஏழைச் சிறுவர்களிடம் தோற்றது.

போருக்குப்பின் புலிட்சர் தம் இதழை இந்தப் போட்டியிலிருந்து மெல்ல விலக்கினார். செய்தியின் துல்லியத்தை வற்புறுத்தினார். அந்தத் திருத்தம் ஒரு பெருஞ்சோதனைக்கும் உள்ளானது. பனாமாக் கால்வாய்க்காக அமெரிக்க அரசு செலுத்திய 4 கோடி டாலர் யாருடைய கைக்குச் சென்றது என்று 1908இல் 'வேர்ல்டு' வினவியது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வெகுண்டார். 1909இல் புலிட்சர் மீது அவதூறுக் குற்ற வழக்குத் தொடுக்கப்பட்டது. 1911 சனவரியில் உச்ச நீதிமன்றம், கூட்டரசுக்கு இவ்வழக்கைத் தொடுக்கும் அதிகாரம் இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இதே காலத்தில் நம் நாட்டின் நிலை என்ன? 1908இல் எழுத்துக்காகத் திலகர் சிறைப்பட்டார், 'சுதேசமித்திரன்' ஜி. சுப்பிரமணிய ஐயர் கைதானார். 'இந்தியா' இதழின் பாரதியார் புதுவையில் தஞ்சம் புகுந்தார். அங்கே இதழாளரைச் சட்டம் காத்தது. இங்கே சட்டமே இதழாளரை வேட்டையாடியது. விடுதலை பெற்ற நாட்டுக்கும் அடிமை நாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்ட இயலுமோ!

அறக்கட்டளை

பயிற்சியற்ற கைகளில் அச்சு எழுத்து எத்துணைக் கேடு விளைக்கும் என்பதைத் தம் இதழின் அனுபவத்தாலேயே உணர்ந்தவர் புலிட்சர். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் கல்லூரி இருப்பதைப் போல இதழாளருக்கும் கல்லூரி வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் நெடுநாள் இருந்தது. 1892இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்கு அதற்கென நிதி தர முன்வந்தபோது பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. இதழ்த்தொழில் அச்சுக்கூடத்தில் கற்கும் கைவேலை, அதற்குப் பட்டம் எதற்கு என்பதே அன்றைய பொதுக்கருத்து. பத்தாண்டுகளுக்குப் பின்னர் உடன்பாடு ஏற்பட்டது. 1904இல் எழுதிய உயிலில் 20 லட்சம் டாலரை அப்பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கினார். அதில் கால் பங்கு பரிசுகளுக்கும் உதவித்தொகைகளுக்கும் உரியது. பாரதியார் 'சுதேசமித்திரன்' உதவி ஆசிரியராகச் சென்னையில் பணியேற்ற ஆண்டும் அதுவே.

1911 அக்டோபர் 29ஆம் நாள், தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 'லிபர்ட்டி' கப்பலிலேயே புலிட்சரின் உயிர் பிரிந்தது. அன்றும் செயலாளர் ஒருவர் அவருக்கு வரலாற்று நூல் படித்துக்கொண்டுதான் இருந்தார். 1912இல் இதழியல் கல்லூரி திறக்கப்பட்டது. 1917இல் முதற் பரிசுகள் அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டு புதினத்துக்கும் நாடகத்துக்கும் பரிசு வழங்கப்படவில்லை. தகுதி இல்லையேல் பரிசு இல்லை என்னும் கண்டிப்பு முதலாண்டிலேயே நிலைநாட்டப்பெற்றது.

புலிட்சர் தம் உயிலில் செய்த அறிவார்ந்த செயல், பரிசுகளை மாற்றவும் கூட்டவும் நிறுத்தவும் பொறுப்புக் குழுவுக்கு உரிமை தந்ததாகும். அதனாலேயே 1922இல் கவிதைக்கும், 1942இல் நிழற்படத்துக்கும், 1943இல் இசைக்கும் பரிசுகள் தோன்றின. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி நடுவர் குழு பரிந்துரை செய்யும். இறுதி முடிவு பொறுப்புக் குழுவினுடையது. அம்முடிவுகள் எல்லாம் குறையற்றவை அல்ல. கறுப்பின இசைமேதை டியூக் எலிங்டனுக்குச் சிறப்புப் பரிசு தரவேண்டும் என்று 1965இல் நடுவர்கள் பரிந்துரைத்தும் குழு மறுத்தது. அவர் மறைந்து கால் நூற்றாண்டு ஆன பின், 1999இல்தான் சிறப்புச் செய்தது. 1981இல் இல்லாத ஒரு சிறுவனைப் படைத்து எழுதிய கட்டுரைக்குப் பரிசு கிடைத்துவிட்டது. உண்மை வெளிப்பட்டதும் அது திருப்பித் தரப்பட்டது. பொய்யை ஒழிக்க நிறுவிய பரிசையே பொய் ஒருமுறை தட்டிச் சென்றது என்பது எச்சரிக்கையாக நினைவில் நிற்க வேண்டும்.

இதழியல் பரிசுகள் குடியுரிமை பார்ப்பதில்லை. தில்லியில் பிறந்து, கதர் இயக்கத்தோடு தொடர்புகொண்டிருந்த கோவிந்த் பிகாரி லால் 1937இல் அறிவியல் செய்திகளுக்காகப் பிறருடன் பகிர்ந்து இப்பரிசைப் பெற்றார். அவர் பணியாற்றியது ஹர்ஸ்ட்டின் நிறுவனத்தில்! பகைவரின் பணியாளருக்கும் புலிட்சரின் பரிசு தயங்காமல் சென்றது. ஜும்பா லாகிரி 2000இலும், மருத்துவர் சித்தார்த்த முகர்ஜி 2011இலும், பெங்களூரில் பிறந்த கவிஞர் விஜய் சேஷாத்ரி 2014இலும் இலக்கியப் பரிசுகளைப் பெற்ற இந்திய வழியினர்.

தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் பயின்ற நிழற்படக் கலைஞர் தானிஷ் சித்திகி, ரோகிங்யா அகதிகளின் துயரைப் படம்பிடித்த ராய்ட்டர்ஸ் குழுவில் ஒருவராக 2018இல் இப்பரிசு பெற்றார். 2021 சூலை 16ஆம் நாள் ஆப்கானிஸ்தானத்துப் போர்க்களத்தில், பணியிலிருந்தபோதே கொல்லப்பட்டார். தாம் பயின்ற ஜாமியாவின் அடக்கத்தலத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். இந்தியாவில் கொரோனா விளைத்த பேரழிவைப் பதிவு செய்த படங்களுக்காக 2022இல் சக கலைஞர் மூவருடன் மறைவுக்குப் பின்னும் அவருக்குப் பரிசு வந்தது. மக்கள் துயரை மறைக்காமல் காட்டுவதே இதழாளர் கடமை என்பதற்கு உயிரையே விலையாகத் தந்தவர் அவர்.

நிலைத்தது எது?

புலிட்சர் தம் உயிலில் 'வேர்ல்டு' இதழை விற்கலாகாது என்று புதல்வர்களுக்கு அறிவுறுத்தியிருந்தார். ஆயினும் 1931இல் அது விற்கப்பட்டு வேறோர் இதழுடன் இணைந்து மறைந்தது. வானளாவிய அந்தக் குவிமாடக் கட்டடமும் பாலச் சாலைக்கு இடம்விட 1955இல் இடிக்கப்பட்டது. தமக்கென அவர் சேர்த்தவை சென்றன. பிறருக்கென அவர் ஒதுக்கியது நின்றது. முதலைக் கரைக்காமல் பயனை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பொதுநலத்துக்கு வழங்கும் வக்ஃபு முறையை அறிந்த நம் சமுதாயத்துக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். செல்வத்தைச் சேர்ப்பவர் பலர். அதற்கு நெறி வகுத்து நிலைக்கச் செய்பவர் சிலர்.

மாணவச் செல்வங்களே! இன்று செய்தி அச்சிடப் பொன்னிறக் கட்டடம் வேண்டியதில்லை. கைப்பேசி ஒன்றே போதும். 'மெயின்' கப்பல் வெடித்த அன்று இரண்டு அதிபர்களிடம் மட்டும் இருந்த ஆற்றல் இன்று நம் ஒவ்வொருவர் விரல்நுனியிலும் இருக்கிறது. உறுதிப்படாத செய்தி ஒன்றைப் பிறருக்கு அனுப்பும் முன் ஒரு கணம் தயங்கி, இது மெய்தானா என்று வினவுபவர் எவரோ, அவரே புலிட்சர் விரும்பிய இதழாளர். அவருக்குப் பரிசு வராது போகலாம். ஆனால் அவரால் ஓர் ஊரின் அமைதி காக்கப்படும். எழுத்துக்கு அதனினும் பெரிய சிறப்பு வேறில்லை.